காலண்டர் தாள் நுழைந்த இடம்

பேஸ் கிட்டாருக்கு நெக், அதாவது கம்பிகள் ஓடுகிற நீளமான கழுத்துப் பாகம், மாற்றப் போகிறேன் என்று சொன்னால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டுப் புது பேஸே வாங்கிவிடலாமே, எதற்கு இந்த வேலை? போன வருடம் எனக்கும் அதைத்தான் சொன்னார்கள், கூட வாசிப்பவர்கள், கிட்டார் சரிபார்க்கிறவர், வீட்டில் உள்ளவர்கள் எல்லாருமே. வேலை முடிந்து பேஸ் இன்றைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பதில் மனதை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் நடுவில் மூன்று வாரம், அவர்கள் சொன்னதுதான் சரி என்று நானே நம்பிவிட்டேன். நம்ப வைத்த காரணம் என்னவென்று பார்த்தால், ஒரு காகிதம் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி. அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

பேஸ் எனக்குக் கிடைத்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் வாசிப்பதை நிறுத்தியபோது அவரிடமிருந்து வாங்கியது. ஜாஸ் பேஸ் வடிவம். பாளையங்கோட்டையில் கோயில் ஆராதனைக்கும், அப்பப்போ கல்யாண வரவேற்புக்கும் இதைத்தான் வாசிக்கிறேன். தோளில் அது உட்காருகிற விதம், வலது கை கட்டைவிரல் தானாகப் போய் நிற்கிற இடம் எல்லாம் பழகிவிட்டது. வேறு பேஸை மாட்டினால் முதல் பாட்டு முடியும்வரை கை தேடிக்கொண்டே இருக்கும்.

நெக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருகிக்கொண்டது. வளைவது வேறு, திருகுவது வேறு. வளைந்தால் ட்ரஸ் ராட் இருக்கிறது. நெக்குக்குள் ஓடுகிற இரும்புக் கம்பி அது, அதை இறுக்கினால் கம்பிகளின் இழுப்புக்கு எதிராக நெக்கை நிமிர்த்தும். சாதாரண கனமுள்ள நான்கு கம்பிகளைச் சுருதியில் கட்டினால், நெக் தாங்குகிற இழுவிசை மொத்தம் சுமார் 75 கிலோ. ஓர் ஆளைத் தொங்கவிட்ட மாதிரி. அதற்கு ட்ரஸ் ராட் ஈடுகொடுக்கும். ஆனால் அது வளைவை மட்டும்தான் சரிசெய்யும், திருகலை இல்லை. உடம்பில் கம்பிகளைப் பிடித்து நிறுத்துகிற பிரிட்ஜ் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோது என் நெக்கில் மேல் பக்க ஓரம் ஒரு வழியும் கீழ் பக்க ஓரம் வேறு வழியும் போயின. மிக மெல்லிய ஜி கம்பிக்குச் சரியாக வைத்தால் மிகத் தடித்த இ கம்பி இரையும், இ கம்பிக்கு வைத்தால் ஜி கம்பியை அமுக்கவே கை வலிக்கும். அந்த நெக்குக்கு அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை.

மாற்றலாம் என்ற தைரியம் வந்ததற்குக் காரணம் இந்தக் கருவியின் பிறப்புதான். இதை வடிவமைத்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்கிற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். 1951-இல் அவர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸிலும், 1960-இல் வந்த ஜாஸ் பேஸிலும் நெக்கை உடம்போடு ஒட்டவில்லை, நான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். ரேடியோவில் வால்வு போனால் கழற்றி வேறு போடுகிறவருடைய புத்தி அது. தஞ்சாவூர் ஏகாண்ட வீணையைப் பாருங்கள், குடமும் தண்டியும் ஒரே பலாமரத்தில் குடைந்தது, பிரிக்கிற பேச்சே கிடையாது. அதில் 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்திருப்பார்கள், சுருதி பிசகினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தி வைப்பார்கள். பேஸில் ஃபிரெட் என்கிற அதன் மெட்டை நகர்த்த முடியாது, ஆனால் நெக்கையே கழற்றி எடுக்கலாம். கழற்றி மாட்டத்தான் செய்தது என்கிறபோது மாட்டிப் பார்ப்பதில் தப்பில்லை என்று முடிவு செய்தேன்.

நூல் பிடித்தது

புது நெக் இணையத்தில் வாங்கியது. வாங்கும் முன் அளந்தது மூன்றே விஷயம். நெக் உட்காருகிற பள்ளத்தின் அகலம் 63.5 மில்லி, அதாவது இரண்டரை அங்குலம். தலைப் பக்கம் கம்பிகளைத் தாங்குகிற நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 34 அங்குலம். நான்கு ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு இடையே நீளத்தில் 2 அங்குலம், அகலத்தில் ஒன்றரை. 34 அங்குலக் கணக்கில் 12-வது ஃபிரெட் சரியாகப் பாதியில், 17 அங்குலத்தில் விழ வேண்டும். நெக் வந்ததும் நட்டிலிருந்து அளந்தேன், 431.8 மில்லி, சரியாக இருந்தது. ஸ்க்ரூ ஓட்டை மட்டும் போடாமல் வந்திருந்தது. எனக்கு அதுதான் வேண்டும். ஓட்டை போட்டு வருகிற நெக்கில் யாரோ ஒருவருடைய பேஸுக்கான கோணம் இருக்கும், என் பேஸுக்கு அது பொருந்துமா என்பது அதிர்ஷ்டம்தான்.

பள்ளத்தின் ஒரு மூலையில் பெயிண்ட் திரண்டு நின்றது. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் நெக் கையால் அமுக்கினாலே இறங்குகிற அளவுக்கு உட்கார்ந்தது. அப்புறம் தையல் நூல் இரண்டு எடுத்து, நட்டில் இ கம்பி, ஜி கம்பி போகிற வெட்டுகளிலிருந்து பிரிட்ஜ் வரைக்கும் விறைப்பாகக் கட்டினேன். கடைசி ஃபிரெட்டில் இரண்டு நூலும் இரண்டு ஓரத்திலிருந்தும் ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். தலைப் பக்கம் மயிரிழை நகர்த்தினால்கூட நூல் ஓரத்தை நோக்கிப் போவது கண்ணுக்குத் தெரியும். இதைச் செய்யாமல் ஓட்டை போடுகிறவர்களுக்குத்தான், நெக்கின் விளிம்பிலிருந்து ஜி கம்பி வழுக்கிக் கீழே விழுகிற தொல்லை வருகிறது. சரியான இடத்தில் கவ்வி போட்டு நிறுத்திவிட்டு, உடம்பின் ஓட்டை வழியாகவே முனையை விட்டு நான்கு புள்ளி குத்திக்கொண்டேன். 3 மில்லி பிட், 17 மில்லியில் டேப் சுற்றி அடையாளம். ஃபிரெட்கள் பதித்த ஃபிங்கர் போர்டைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டால் அதோடு போச்சு, அதனால் அந்த நான்கு ஓட்டைக்கு ஒரு சாயங்காலம் முழுக்க எடுத்துக்கொண்டேன்.

நெக்கோடு புது ஸ்க்ரூ நான்கு வந்திருந்தன, பழையதைவிடக் கொஞ்சம் தடிமன். முடுக்கும்போது நல்ல பிடி. கடைசி நான்கைந்து சுற்றுக்கு மணிக்கட்டு வலித்தது. பழைய நெக்கே இவ்வளவு உறுதியாக இறுகியதில்லை என்று எனக்கு அவ்வளவு திருப்தி. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம்

கம்பி கட்டிச் சுருதி சேர்த்தேன். கம்பிகள் ஃபிரெட்டிலிருந்து உயரமாக நின்றன. சரி, பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்குகிற சாடில்களை இறக்கினேன். இறக்கி இறக்கி நான்கும் தகட்டில் போய் முட்டிவிட்டன, 17-வது ஃபிரெட்டில் இன்னும் மூன்று மில்லிக்கு மேல் இருந்தது. அப்படியானால் நெக் வளைந்திருக்கிறது என்று நினைத்து ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கினேன். ஒரு நாள் விட்டு இன்னொரு கால் சுற்று. இப்போது முதல் மூன்று ஃபிரெட்டில் கம்பி இரைய ஆரம்பித்தது, மேலே உயரம் அப்படியேதான். திரும்பத் தளர்த்தினேன். காலையில் சேர்த்த சுருதி மாலைக்குள் இறங்கிப்போகும். புதுக் கம்பி, பழகும் என்று விட்டேன். இரண்டாவது வாரமும் இறங்கியது.

இந்த நாட்களில் யாரிடம் கேட்டாலும், எங்கே படித்தாலும் ட்ரஸ் ராடைத்தான் சொன்னார்கள். எனக்கு இதில் உறுதியான ஒரு கருத்து வந்துவிட்டது. பேஸில் என்ன கோளாறு என்றாலும் முதலில் ட்ரஸ் ராட் சாவியை எடுப்பது தலைவலி, வயிற்றுவலி எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற மாதிரி. ட்ரஸ் ராடுக்கு ஒரே ஒரு வேலைதான், நெக்கின் நடுவில் எவ்வளவு குழிவு இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது. கம்பியின் உயரத்தைக் குறைப்பது அதன் வேலை இல்லை. உயரம் குறைகிற மாதிரி தெரியும், ஆனால் அது இன்னொரு இடத்திலிருந்து கடன் வாங்கியது, முதல் ஃபிரெட்டில் போய் அந்தக் கடன் வசூலாகும்.

கடைசியில் நெக்கின் கோணம்தான் போதவில்லை என்ற முடிவுக்கு வந்தேன். அது சரியான முடிவுதான், ஆனால் காரணத்தைத் தப்பாகப் பிடித்திருந்தேன். கோணம் போதவில்லை என்றால் பள்ளத்தின் உள்பக்கக் கோடியில் மெல்லிய துண்டாக ஒரு சக்கை வைப்பார்கள், நெக் பின்னால் சாயும், சாடிலை ஏற்றி இறக்க இடம் கிடைக்கும். நிறையப் பேர் விசிட்டிங் கார்டைக் கத்தரித்து வைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, கார்டுக்கு முன்னால் வெற்றிடம் நிற்கும். பள்ளம் முழுக்க நிறைகிற மாதிரி, ஒரு கோடியில் அரை மில்லி கனமும் மறு கோடியில் ஒன்றுமில்லாமலும் சாய்வாக இழைத்த மரச் சக்கை வேண்டும். அதை இழைத்துத் தரக்கூடியவர் என்று எனக்குத் தெரிந்தது தெருமுனையில் மரப்பட்டறை வைத்திருக்கிற அண்ணாச்சிதான். கதவும் நிலையும் செய்கிறவர். எங்கள் வீட்டுக் கதவும் அவர் செய்ததுதான்.

பட்டறையில்

பேஸை அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். அரை மில்லிக்குச் சாய்வாக இழைக்க முடியுமா அண்ணாச்சி என்று கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. பேஸை வாங்கி மேசையில் வைத்து, முதலில் ஃபிங்கர் போர்டில் விரலை ஓட்டினார். "இது ஈட்டில்லா தம்பி" என்றார். எனக்கு ரோஸ்வுட் என்றுதான் தெரியும். நெக் வாங்கிய இடத்திலும் அவ்வளவுதான் போட்டிருந்தது. கிட்டார் உலகம் இந்திய ரோஸ்வுட் என்று சொல்கிற மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் நிற்கிற ஈட்டிதான், தோதகத்தி என்றும் சொல்வார்கள். 2017 ஜனவரியில் அந்த மரத்தின் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது, கிட்டார் கம்பெனிகள் பல வேறு மரத்துக்குப் போயின. 2019 நவம்பரில்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் விலக்கு கிடைத்தது. தனி நெக் ஒன்று ரோஸ்வுட் போர்டோடு நாடு விட்டு நாடு காகிதத் தொல்லை இல்லாமல் வர முடிகிறது என்றால் அந்த விலக்கால்தான். இதையெல்லாம் நான் படித்திருக்கிறேன். ஆனால் மரத்தைத் தொட்டுப் பார்த்து ஈட்டி என்று ஒருவர் சொன்னபோதுதான், மூன்று வாரமாக நான் கையில் வைத்திருந்தது நம் பக்கத்து மரம் என்பது எனக்கு உறைத்தது.

அப்புறம் அவர் நெக்கும் உடம்பும் சேருகிற இடத்தைப் பார்த்தார். சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரிலிருந்து முந்தின நாள் தாளைக் கிழித்து, பள்ளத்தின் வாய்ப்பக்கம், நெக் உடம்பைவிட்டு வெளியே வருகிற இடத்தில் அதன் ஓரத்தை வைத்துத் தள்ளினார். உள்ளே போனது. எடுத்து இரண்டாக மடித்தார், போனது. நான்காக மடித்தார், கொஞ்சம் உரசிக்கொண்டு அதுவும் போனது.

"நீங்க சக்க கேக்கிய. மொதல்ல இது உக்காரவே இல்லையே" என்றார். நன்றாக முடுக்கியிருக்கிறேன், கை வலிக்க முடுக்கினேன் என்றேன். ஸ்க்ரூவைக் கழற்றச் சொன்னார். கழற்றும்போதும் அதே இறுக்கம். நெக்கிலிருந்து முனை முழுவதும் வெளியே வந்த பிறகும் ஸ்க்ரூ உடம்பின் ஓட்டையிலேயே திருகிக்கொண்டுதான் வந்தது, உருவ வரவில்லை. அவர் அதைத்தான் காட்டினார். "கீழ்ப் பலகைலதான் தம்பி மரை புடிக்கணும். மேப்பலகைல ஓட்ட லூசா இருக்கணும்லா. ரெண்டுலயும் புடிச்சா எப்பிடி இறுகும்?"

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. ஸ்க்ரூ ஒரு சுற்று சுற்றினால் ஒரு மரை தூரம் முன்னே போகும். இரண்டு பலகையிலும் அதற்கு மரை இருந்தால் இரண்டுக்குள்ளும் ஒரே அளவுதான் போகும், தொடங்கும்போது நடுவில் என்ன இடைவெளி இருந்ததோ அது கடைசிவரை அப்படியே நிற்கும். இறுக இறுக இடைவெளி பூட்டிக்கொள்ளுமே தவிர மூடாது. உடம்பில் ஸ்க்ரூ உரசாமல் வழுக்கிப் போனால்தான், அதன் தலை உடம்பின் பின்பக்கத் தகட்டை அழுத்தி, தகடு உடம்பை நெக்கோடு அழுத்தும். பழைய மெல்லிய ஸ்க்ரூவுக்குப் போதுமாக இருந்த ஓட்டையில் புதுத் தடிமன் ஸ்க்ரூ மரை வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. உறுதி என்று நான் திருப்திப்பட்டேனே, அந்த மணிக்கட்டு வலி முழுக்க ஸ்க்ரூ உடம்பு மரத்தை வெட்டிய வலிதான். சேர்மானத்துக்கு அதில் ஒரு துளியும் போய்ச் சேரவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்காக மடித்த தாள் ஏறக்குறைய கால் மில்லி. பள்ளத்தின் நீளம் சுமார் 75 மில்லி, அதன் உள்கோடியிலிருந்து பிரிட்ஜ் இன்னும் 270 மில்லி தள்ளி. வாயில் கால் மில்லி தூக்கினால் பிரிட்ஜ் கிட்டே போகும்போது அது ஒரு மில்லிக்கு நெருக்கமாக ஆகிவிடுகிறது. என் சாடில்களுக்குப் போதாமல் போன அதே ஒரு மில்லி. சுருதி இறங்கியதும் அதனால்தான், 75 கிலோ இழுக்கிறது, நெக்குக்கு அசைய இடமும் இருக்கிறது, அது அசையாமல் என்ன செய்யும். இந்த நிலைமையில் அந்தச் சக்கையை வைத்திருந்தால் உயரம் சரியாகியிருக்கும், அதுதான் எனக்கு இன்னும் திக்கென்கிறது. உயரம் சரியானதும் நான் நிறுத்தியிருப்பேன், நெக்குக்கு அடியில் வெற்றிடத்தோடு வருடக்கணக்காக வாசித்திருப்பேன். சுருதி நிற்கவில்லை என்று கம்பி முறுக்குகிற சாவிகளை மாற்றியிருப்பேன், கம்பிகளை மாற்றியிருப்பேன், கடைசியில் பேஸையே மாற்றியிருப்பேன். அந்தக் காசுக்குப் புதுசே வாங்கியிருக்கலாம் என்று நானும் இன்னொருவருக்குச் சொல்லியிருப்பேன்.

மறுபடியும் முதலிலிருந்து

உடம்பின் நான்கு ஓட்டைகளையும் 4.5 மில்லி பிட் விட்டு அகலப்படுத்தினேன். ஸ்க்ரூ இப்போது விரலால் தள்ளினாலே உள்ளே விழுந்தது. நெக்கின் ஓட்டைகளைத் தொடவில்லை. அண்ணாச்சி சொன்னபடி ஸ்க்ரூ மரையில் குளியல் சோப்பைத் தேய்த்துக்கொண்டு, முதலில் பின்பக்கமாக ஒரு சுற்று சுற்றி, பழைய மரையில் 'டொக்' என்று விழுகிற இடத்தை உணர்ந்த பிறகு முன்னே திருப்பினேன். கார் சக்கரத்துக்கு முடுக்குகிற மாதிரி மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமாக. கடைசியில் கை சட்டென்று நின்றது. முன்பு இருந்தது இழுபறி, இது முடிவு. அந்த வித்தியாசம் எழுத்தில் வராது, ஒருமுறை கைக்குத் தெரிந்துவிட்டால் மறக்காது. கம்பி கட்டிச் சுருதி சேர்த்த பிறகு நான்கு ஸ்க்ரூவையும் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, கம்பிகளே நெக்கைப் பள்ளத்தின் உள்கோடிக்கு இழுத்துக்கொள்ள விட்டு, மறுபடி முடுக்கினேன். சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. காலண்டர் தாளின் ஒற்றை ஓரம்கூட நுழையவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. முதல் ஃபிரெட்டிலும் நெக் உடம்பில் சேருகிற ஃபிரெட்டிலும் கம்பியை அமுக்கிப் பிடித்து, 7-வது ஃபிரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் நடுவே 0.3 மில்லி இருக்கிற மாதிரி ட்ரஸ் ராடை வைத்தேன். அளந்தது பைக் மெக்கானிக்குகள் டேப்பெட்டுக்கு வைத்திருக்கிற ஃபீலர் கேஜில், ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும். இந்த முறை ட்ரஸ் ராடுக்கு அரைச் சுற்றுகூடத் தேவைப்படவில்லை. உயரம், 17-வது ஃபிரெட்டில் இ கம்பிக்கு 2.4 மில்லி, ஜி கம்பிக்கு 2. ஆசாரி கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஆக இ கம்பி முக்கால் நூல் உயரத்தில் நிற்கிறது. அண்ணாச்சியிடம் அப்படித்தான் சொன்னேன், உடனே புரிந்துகொண்டார். நட்டில் வெட்டுகள் ஆழம் போதாமல் இருந்தன, அதற்கு வெல்டிங் நாசில் சுத்தம் செய்கிற சின்ன ரம்பக் கம்பிகளை வைத்து, மூன்றாவது ஃபிரெட்டை அமுக்கினால் முதல் ஃபிரெட் மேல் ஒரு தாள் கனம் தெரிகிற வரைக்கும் மெதுவாகத் தேய்த்தேன். இதில் மட்டும் அவசரம் ஆகாது, கூடத் தேய்த்தால் திரும்ப வைக்க முடியாது. கடைசியாக 12-வது ஃபிரெட்டில் அமுக்கி வாசித்த ஸ்வரத்தையும் அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்புகிற ஹார்மோனிக்கையும் ஒப்பிட்டு, அமுக்கியது கூடுதலாக ஒலித்தால் சாடிலைப் பின்னே, குறைந்தால் முன்னே. இ கம்பி சாடில்தான் எல்லாவற்றையும்விடப் பின்னால் போய் நின்றது, அதுதான் வழக்கம்.

ஐப்பசி மழையில் ஒருமுறை குழிவு மாறியது, ட்ரஸ் ராட் எட்டில் ஒரு சுற்று. அது மரத்தின் சுபாவம், மழைக்குக் கதவு பிடிக்கிற மாதிரி. சுருதி இறங்கவில்லை.

மழை விட்ட ஒரு நாள் பட்டறைக்குப் பேஸைக் கொண்டுபோனேன். இவ்வளவு செய்தவர் அது எப்படிக் கேட்கும் என்று இன்னும் கேட்கவில்லையே என்று இருந்தது. அங்கே ஆம்ப் கிடையாது. ஆம்ப் இல்லாமல் பேஸ் வெறும் முணுமுணுப்புதான். மேசைமேல் பாதி முடிந்த தேக்குக் கதவு ஒன்று படுத்திருந்தது. நெக்கின் தலையை அந்தக் கதவில் முட்டுக்கொடுத்து இ கம்பியை எங்கும் அமுக்காமல் தட்டினேன், விநாடிக்கு 41 அதிர்வு. கதவு முழுக்க ஒலித்தது. அண்ணாச்சி உளியைக் கீழே வைத்துவிட்டு, மறுபக்கம் வந்து குனிந்து, பலகையில் காதை வைத்தார். "இன்னொரு தடவ தட்டுங்க" என்றார்.